பல சிறு தளங்கள், ஒரே அடித்தளம்: உள்ளடக்க மேலாண்மை மென்பொருளும் அதைச் சுற்றி எழுந்த தொழிலும்

ஐந்து பக்கம் முதல் இருபது பக்கம் வரை கொண்ட சிறு வலைத்தளங்களை ஒரு பல் மருத்துவருக்கும், ஓர் அறக்கட்டளைக்கும், ஒரு புத்தகக் கடைக்கும் என்று அடுத்தடுத்துக் கட்டித் தருவது 1990-களின் பிற்பாதியில் தோன்றி, அடுத்த பத்தாண்டுக்குள் உலகெங்கும் பரவிய தொழிலாகும். பெரும் செய்தித் தளங்களுக்கும் வணிகத் தளங்களுக்கும் தனியே பொறியாளர் படை இருந்தது. சிறு தளத்துக்கோ பெரும்பாலும் ஒருவர், அல்லது இருவர் மூவர் கொண்ட ஒரு சிறு அலுவலகம். இத்தொழிலின் வரலாறு இதுவரை மென்பொருள்களின் பெயர்வரிசையாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. ஆனால் எந்த மென்பொருளும் தானாக ஒரு தளத்தைக் கட்டி நிறுத்திவிடவில்லை. கட்டுபவர் திகைத்து நின்ற இடத்தில் வழிகாட்ட வேறொருவர் இருந்ததும், அவர் பெரும்பாலும் கூலி பெறாதவராக இருந்ததும் மென்பொருளுக்கு இணையான காரணங்கள். ஒரே மென்பொருளின் மீது பல தளங்களை நிறுத்திய ஏற்பாடு உழைப்பைக் குறைத்த அளவுக்கு ஆபத்தையும் ஒன்றுதிரட்டியது என்பதும், அந்த ஆபத்தைத் தாங்கும் பொறுப்பு எவருடையது என்ற கேள்வி நெடுநாள் விடையின்றியே கிடந்தது என்பதும் இவ்வரலாற்றின் மையமான செய்திகள்.

ஜெனீவாவை ஒட்டியுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய வலை, 1993 ஏப்ரல் 30 அன்று எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்ற அறிவிப்போடு பொதுவுடைமை ஆனது. அப்போது வலைப்பக்கம் என்பது எச்.டி.எம்.எல். எனப்படும் குறியீட்டு மொழியில் எழுதப்பட்ட ஒரு கோப்பு; தலைப்பு எது, பத்தி எது, இணைப்பு எது என்பதை உலாவிக்குச் சொல்லும் குறிகள் அதில் உரைக்கு நடுவே இருக்கும். பத்துப் பக்கத் தளம் என்றால் பத்துக் கோப்புகள். பக்கத்தின் மேலே உள்ள பட்டியலில் ஒரு புதிய தலைப்பைச் சேர்க்க வேண்டுமானால் பத்துக் கோப்புகளையும் திறந்து, பத்து இடங்களிலும் அதே வரியைச் சேர்த்து, மீண்டும் சர்வருக்கு ஏற்ற வேண்டியிருந்தது. 1996-இல் மைக்ரோசாஃப்ட் விலைக்கு வாங்கிய ஃபிரண்ட்பேஜ், 1997 இறுதியில் மேக்ரோமீடியா வெளியிட்ட டிரீம்வீவர் ஆகியவை குறிகளைக் கையால் எழுதும் வேலையைக் குறைத்தன. ஆனால் தளம் அதைக் கட்டியவரின் கணினியில் இருந்த கோப்புகளோடு பிணைந்தே இருந்ததால், வாடிக்கையாளர் தம் தொலைபேசி எண்ணை மாற்ற விரும்பினாலும் அவரிடமே திரும்பி வர வேண்டியிருந்தது. முப்பது வாடிக்கையாளர்களை வைத்திருந்தவர், சில்லறைத் திருத்தங்களிலேயே வாரத்தின் பாதியைக் கழித்தார் என்றால் அது மிகையன்று.

தொடர்புப் படிவம் போன்ற சிறு வசதிகளுக்குக்கூட அந்நாளில் பிறர் எழுதி வழங்கிய நிரல்களே கை கொடுத்தன. மேட் ரைட் என்பவர் பள்ளிப் பருவத்தில் தொடங்கி இலவசமாக வழங்கிய நிரல்தொகுப்பில் இருந்த ஃபார்ம்மெயில் என்னும் சிறு நிரல், படிவத்தில் எழுதப்படுவதை மின்னஞ்சலாக அனுப்பும் பணியைச் செய்தது. எண்ணற்ற தளங்கள் அதை அப்படியே எடுத்துப் பொருத்திக்கொண்டன. பின்னாளில் அதே நிரலின் ஓட்டைகள் வழியே வேண்டாத அஞ்சல்கள் ஏராளமாக அனுப்பப்பட்டன. ஒருவர் அன்பாக அளித்த உதவி பல்லாயிரம் இடங்களில் ஒரே வடிவில் பரவும்போது அதன் குறையும் பல்லாயிரம் இடங்களில் பரவும் என்ற பாடம் அப்போதே கண்முன் இருந்தது. தொழில் அதைக் கற்றுக்கொள்ளவில்லை.

சிறு தளங்கள் பெருகியதற்குக் காரணமான ஒரு மாற்றம் பொதுவாகக் கவனிக்கப்படுவதில்லை. தொடக்கத்தில் ஒவ்வொரு தளப்பெயருக்கும், அதாவது டொமைனுக்கும், தனியாக ஓர் ஐ.பி. முகவரி தேவைப்பட்டது; ஏனெனில் உலாவி சர்வரை அணுகும்போது எந்தப் பக்கம் வேண்டும் என்று மட்டுமே கேட்டதே தவிர, எந்தத் தளத்தின் பக்கம் என்று கேட்கவில்லை. 1997 ஜனவரியில் வெளியான எச்.டி.டி.பி. 1.1 என்னும் நெறிமுறை, நாடும் தளத்தின் பெயரையும் ஒவ்வொரு கோரிக்கையிலும் சொல்லியாக வேண்டும் என்று விதித்தது. அந்த ஒற்றை வரியின் பயனாக ஒரே முகவரியில் ஒரே கணினி நூற்றுக்கணக்கான தளங்களைத் தாங்கலாம் என்றாயிற்று. பகிர்வு ஹோஸ்டிங் எனப்படும் மலிவான வாடகை முறை அதன் பிறகே பெருகியது. கட்டுப்பாட்டுப் பலகை மென்பொருளான சிபேனல் வழியே, சர்வரின் உள்விவரம் அறியாதவரும் தளங்களைத் தொடங்க முடிந்தது. 1995 முதல் ஒரு பெயருக்கு ஆண்டுக்கு 50 டாலர் வீதம் ஈராண்டுத் தொகை முன்கூட்டியே வாங்கப்பட்டு வந்த நிலையும், பெயர்ப் பதிவில் போட்டி அனுமதிக்கப்பட்ட பின் மாறியது.

இந்தப் பின்னணியில்தான் உள்ளடக்க மேலாண்மை அமைப்பு சிறு தளங்களுக்கு வந்து சேர்ந்தது. பக்கத்தின் தோற்றத்தையும் அதில் இடம்பெறும் உரையையும் பிரித்து, உரையைத் தரவுத்தளத்திலும் தோற்றத்தை வார்ப்புருவிலும் வைத்து, வாசகர் கேட்கும் கணத்தில் இரண்டையும் இணைத்துப் பக்கமாக்கித் தருவது இதன் அடிப்படை. உலாவி வழியே உள்நுழைந்து உரையைத் திருத்தலாம் என்பதால் வாடிக்கையாளரே தம் தளத்தைப் பேணலாம் என்ற நம்பிக்கையும் பிறந்தது. 1995-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் தொடங்கப்பட்ட விக்னெட் நிறுவனத்தின் ஸ்டோரிசர்வர் போன்ற தொடக்ககால அமைப்புகள் பெரும் நிறுவனங்களால் மட்டுமே தாங்கக்கூடிய விலையில் இருந்தன. சிறியவர்களுக்கு வாசலைத் திறந்தவை இரண்டு: ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995-இல் பொதுவில் வெளியிட்ட பி.எச்.பி. என்னும் நிரல்மொழியும், அதே ஆண்டில் வெளிவந்த மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தளமும். இவ்விரண்டையும் மலிவான ஹோஸ்டிங் நிறுவனங்கள் எல்லாமே தந்ததால், இவற்றின் மேல் எழுதப்பட்ட எந்த மென்பொருளும் எந்த ஊரிலிருந்தும் இயக்கப்படக் கூடியதாயிற்று.

பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழக மாணவரான டிரிஸ் பைடார்ட், உடன் தங்கியிருந்தவர்களோடு செய்தி பகிர்ந்துகொள்ள எழுதிய சிறு நிரல், 2001 ஜனவரியில் டிரூபல் என்ற பெயரில் திறந்த மூல மென்பொருளாக வெளிவந்தது. எவரும் மூல நிரலைப் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதை அதே உரிமத்தோடு பிறருக்குத் தரலாம் என்பது அதன் பொருள். ஆஸ்திரேலியாவில் தோன்றிய மாம்போ என்னும் அமைப்பின் நிர்வாகம் குறித்து எழுந்த பிணக்கில் அதை எழுதிவந்த குழுவினர் 2005 ஆகஸ்டில் வெளியேறி, அடுத்த மாதமே ஜூம்லா என்ற பெயரில் தம் முதல் பதிப்பை வெளியிட்டனர். இவற்றுள் காலத்தால் நடுவில் வந்து அளவால் எல்லாவற்றையும் விஞ்சியது வேர்ட்பிரஸ்.

வேர்ட்பிரஸ்ஸின் தொடக்கம் இக்கட்டுரையின் மையக் கருத்துக்கு நேரடியான சான்று. மிஷேல் வால்ட்ரிகி எழுதிய பி2 என்னும் வலைப்பதிவு மென்பொருள் 2002-இன் இறுதியில் கவனிப்பாரின்றி நின்றுபோனது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர மாணவரான மேட் முல்லன்வெக், தாம் நம்பியிருந்த மென்பொருள் தேங்கிவிட்டதையும் அதைப் பிரித்தெடுத்துத் தொடர எண்ணுவதையும் 2003 ஜனவரியில் எழுதினார். இங்கிலாந்தைச் சேர்ந்த மைக் லிட்டில் தாமும் பங்களிக்கத் தயார் என்று சில வரிகளில் பதிலளித்தார். அதன் விளைவாக 2003 மே 27 அன்று வேர்ட்பிரஸ்ஸின் முதல் பதிப்பு வெளிவந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் போட்டி மென்பொருளான மூவபிள் டைப் தன் உரிம விதிகளைக் கடுமையாக்கியபோது, அதிருப்தியுற்ற பயனர்கள் திரளாக இங்கே வந்தனர். அதே மாதம் வந்த 1.2 பதிப்பு, மூல நிரலைத் தொடாமல் புதிய வசதிகளைச் சேர்க்கும் பிளக்இன் முறையையும், 2005 பிப்ரவரியில் வந்த 1.5 பதிப்பு, தோற்றத்தை மாற்றும் தீம் முறையையும் தேதியோடு பிணையாத நிலையான பக்கங்களையும் தந்தன. நிலையான பக்கம் என்ற சிறு சேர்க்கைதான் வலைப்பதிவு மென்பொருளைக் கடைக்கும் மருத்துவமனைக்கும் தளம் கட்டும் கருவியாக மாற்றியது என்று துணிந்து சொல்லலாம்.

கட்டுவது எளிதானவுடன் எண்ணிக்கை பெருகியது. எண்ணிக்கை பெருகியவுடன் பராமரிப்பே சுமையாயிற்று. நாற்பது வாடிக்கையாளருக்கு நாற்பது தனித்தனி நிறுவல்களை வைத்திருந்தவர், புதிய பதிப்பு வந்த நாளில் நாற்பது முறை அதே வேலையைச் செய்தார். இந்தச் சுமைக்கு இரு மரபுகள் இரு விதமாக விடை தேடின. டிரூபலில் நிரல்தொகுதி ஒன்றே. ஆனால் ஒவ்வொரு தளத்துக்கும் அதன் பெயரில் ஒரு கோப்புறையும், அதற்குள் ஓர் அமைப்புக் கோப்பும், பெரும்பாலும் தனித் தரவுத்தளமும் இருக்கும். கோரிக்கையில் வரும் தளப்பெயரைப் பார்த்து உரிய கோப்புறையை மென்பொருளே தேர்ந்துகொள்ளும். வேர்ட்பிரஸ் மரபில் நிரலும் ஒன்று, தரவுத்தளமும் ஒன்று. அதற்குள் தளந்தோறும் எண்ணிட்ட அட்டவணைகள் தனித்தனியே உருவாகும், பயனர் பட்டியல் மட்டும் அனைத்துக்கும் பொது. அயர்லாந்தைச் சேர்ந்த டோனகா ஓ கீவ், பி2 மென்பொருளிலிருந்து பல பதிவர்களுக்காக உருவாக்கிய கிளை, வேர்ட்பிரஸ் எம்.யு. என்று வளர்ந்து, 2005-இல் வேர்ட்பிரஸ்.காம் சேவைக்கு அடித்தளமாகி, 2010 ஜூன் 17 அன்று வெளியான 3.0 பதிப்பில் மூல மென்பொருளோடு கலந்தது.

இரண்டில் எது மேல் என்ற வாதம் தொழிலில் இன்னும் ஓயவில்லை. டிரூபல் முறையில் ஒரு வாடிக்கையாளர் விலகிச் செல்ல விரும்பினால் அவருடைய தரவுத்தளத்தை அப்படியே எடுத்துக் கொடுத்துவிடலாம்; ஆனால் நிரலைப் புதுப்பித்த பின் ஒவ்வொரு தளத்தின் தரவுத்தளத்தையும் தனித்தனியே புதுப்பிக்க வேண்டும். அதில் ஒன்று தடுக்கினால் அதற்காக மற்றவை காத்திருக்க இயலாது, நிரல் ஏற்கனவே மாறிவிட்டிருக்கும். வேர்ட்பிரஸ் முறையில் புதிய தளம் சேர்ப்பது ஒரு நிமிட வேலை, பராமரிப்பு ஒரே திரையில் முடியும். ஆனால் ஒரு தளத்தை மட்டும் பிரித்தெடுப்பது எண்ணிட்ட அட்டவணைகளைப் பெயர் மாற்றி, பயனர்களைத் தேடிப் பிரித்து, படங்களின் முகவரிகளைத் திருத்தும் நீண்ட வேலை. ஒரே உரிமையாளரின் பல தளங்களுக்கு, எடுத்துக்காட்டாகப் பல்கலைக்கழகத் துறைகளுக்கு, வேர்ட்பிரஸ் வலையமைப்பு பொருத்தமானது. ஒருவரையொருவர் அறியாத வாடிக்கையாளர்களை அதில் ஒன்றாகக் குடியேற்றுவது தவறான ஏற்பாடு என்பதே நடுநிலையான மதிப்பீடாக இருக்க முடியும்.

இத்தகைய முடிவுகளை எடுக்க ஒரு தனி ஆளுக்கு யார் உதவினார்கள்? பாடநூல் இல்லை, பட்டப்படிப்பு இல்லை. மென்பொருளை எழுதியவர்களும், நேற்று அதே சிக்கலில் மாட்டி இன்று மீண்டவர்களும் எழுத்தில் அளித்த விளக்கங்களே பாடமாயின. அவை பொதுவில் கிடந்ததால் பின்னால் வந்தவர்களும் படித்துத் தெளிந்தனர். உதவிக்கு நன்றியாகப் பணம் கேட்கப்படவில்லை. கற்றவர் அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும் என்ற எதிர்பார்ப்பு மட்டும் இருந்தது. 2005 ஜூலையில் டிரூபல் திட்டத்தின் சொந்த சர்வர் சுமை தாளாமல் முடங்கியபோது, பைடார்ட் 3,000 டாலர் நன்கொடை வேண்டினார். ஒரு நாளுக்குள் ஏறத்தாழ 10,000 டாலர் சேர்ந்தது, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஒரு சர்வரையே கொடுத்தது, ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகத்தின் திறந்த மூல ஆய்வகம் அதற்கு இடமளித்தது. மென்பொருளைக் கொண்டு பிழைப்பு நடத்தியவர்கள் அதன் இருப்பைத் தம் பொறுப்பாக உணர்ந்த தருணம் அது. ஆயினும் கூலி வாங்காத உழைப்பின் மேல் கூலி வாங்கும் தொழில் நின்றதில் ஒரு நியாயக் குறை இருந்தது என்பதையும் மறுக்க முடியாது. பைடார்ட் 2007-இல் அக்குவியா என்னும் நிறுவனத்தைத் தொடங்கியது, கட்டணம் செலுத்தும் பெரும் வாடிக்கையாளருக்கு முறையான உதவி கிடைக்க வழி செய்தது. ஆனால் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் மட்டுமே தரும் சிறு தளத்தின் உரிமையாளருக்கு அந்த வழி திறக்கவில்லை.

தமிழில் தளம் கட்டியவர்களுக்கு இச்சிக்கல்களோடு எழுத்துருச் சிக்கலும் சேர்ந்துகொண்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு குறியாக்கத்துக்கும் விசைப்பலகைக்கும் தரம் வகுத்தும், தளத்துக்குத் தளம் வேறு எழுத்துரு என்ற நிலை சில ஆண்டுகள் நீடித்தது. உரை கோப்பில் இருந்தவரை எழுத்துருவை மாற்றினால் போதும். தரவுத்தளத்துக்குள் நுழைந்த பின், தேடுவதும் வரிசைப்படுத்துவதும் குறியாக்கத்தைப் பொறுத்தவை ஆயின. யுனிகோடை அடிப்படையாகக் கொண்ட உள்ளடக்க மேலாண்மை மென்பொருள்கள் பரவியதால் தமிழ்த் தளங்களும் ஒரே குறியாக்கத்தை நோக்கி நகர்ந்தன. தமிழ்நாடு அரசு 2010-இல் யுனிகோடை ஏற்றபோது வலை பெருமளவுக்கு அந்த இடத்துக்கு முன்பே வந்துவிட்டிருந்தது. ஆனால் மைஎஸ்கியூஎல் பல ஆண்டுகள் இலத்தீன் குறியாக்கத்தையே இயல்நிலையாக வைத்திருந்ததால், தளத்தை வேறு சர்வருக்கு மாற்றிய மறுநாள் தமிழ் உரை முழுவதும் கேள்விக்குறிகளாகவோ பொருளற்ற இலத்தீன் எழுத்துகளாகவோ தோன்றுவது வழக்கமான விபத்தாக இருந்தது. இதற்கு மேலைநாட்டு விளக்கங்களில் முழுமையான விடை கிடைக்காததால், தமிழ்க் கணிமை ஆர்வலர்களே ஒருவருக்கொருவர் வழி சொல்ல வேண்டியிருந்தது. வேர்ட்பிரஸ்ஸின் நிர்வாகத் திரைகளைத் தமிழாக்கியதும் அவ்வாறான தன்னார்வலர்களே. இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் தனித்தனி மொழிபெயர்ப்புகள் அதில் உள்ளன.

ஒன்றுதிரண்ட ஆபத்து வெளிப்பட்ட ஆண்டுகள் 2011-உம் 2014-உம். படங்களைச் சுருக்கித் தரும் டிம்தம்ப் என்னும் சிறு நிரல் ஏராளமான வேர்ட்பிரஸ் தீம்களுக்குள் உட்பொதிந்திருந்தது. 2011 ஆகஸ்டில் அதில் ஓட்டை கண்டறியப்பட்டபோது, தம் தளத்தில் அப்படியொரு நிரல் இருப்பதே பல உரிமையாளர்களுக்குத் தெரியாது. 2014 அக்டோபர் 15 அன்று டிரூபல் 7-இல் இருந்த மிகக் கடுமையான ஒரு பிழைக்குத் திருத்தம் வெளியானது. உலகப் பொதுநேரம் இரவு 11 மணிக்குள், அதாவது அறிவிப்பு வந்த ஏழு மணி நேரத்துக்குள், திருத்தப்படாத தளங்கள் அனைத்தும் ஊடுருவப்பட்டவையாகவே கருதப்பட வேண்டும் என்று அதன் பாதுகாப்புக் குழு இரு வாரங்களுக்குப் பின் அறிவித்தது. அந்த ஏழு மணி நேரம் இந்தியாவிலும் இலங்கையிலும் இரவு ஒன்பதரை முதல் விடியற்காலை நாலரை வரை. இந்த நாடுகளில் தனியாளாக இருபது தளங்களைப் பேணிவந்த ஒருவர், எவ்வளவு கவனமானவராக இருந்தாலும், உறங்கி எழுவதற்குள் கெடு முடிந்திருந்தது. ஒரே நிரல்தொகுதியில் பல தளம் வைத்திருந்தவருக்கு ஒருமுறை திருத்தினால் போதும் என்ற நன்மை இருந்தது. தவறவிட்டிருந்தாலோ அத்தனை தளங்களையும் ஒருசேர ஐயுற வேண்டியிருந்தது.

வேர்ட்பிரஸ் 2013 அக்டோபரில் வெளியிட்ட 3.7 பதிப்பிலேயே சிறு பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாக நிறுவப்படும் ஏற்பாட்டைக் கொண்டுவந்திருந்தது. உரிமையாளரைக் கேளாமல் அவர் தளத்தின் நிரலை மாற்றலாமா என்ற எதிர்ப்பு எழுந்தது நியாயமே. எனினும் கவனிப்பாரற்ற சிறு தளங்களைக் காத்ததில் வேறெந்த ஒற்றை முடிவும் இதற்கு ஈடாகாது. டிரூபல் வேறு திசையில் சென்றது. 2015 நவம்பரில் வந்த எட்டாம் பதிப்பு, பெரும் நிறுவனங்களுக்கு ஏற்ற கட்டமைப்போடு மீண்டும் எழுதப்பட்டதால், ஏழாம் பதிப்பிலிருந்து மாறுவது ஏறத்தாழ தளத்தைப் புதிதாகக் கட்டுவதற்குச் சமமாயிற்று. அதை முன்னுணர்ந்தவர்கள் 2015 ஜனவரியிலேயே பேக்டிராப் என்ற கிளையின் முதல் பதிப்பைச் சிறு அமைப்புகளுக்காக வெளியிட்டனர். பலர் நகராமலே இருந்ததால் ஏழாம் பதிப்பின் ஆதரவுக் காலம் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு, 2025 ஜனவரி 5 அன்று, வெளியாகிப் பதினான்கு ஆண்டுகள் நிறைந்த நாளில் முடிவுற்றது.

ஒரே அடித்தளத்தில் பல தளம் என்ற கருத்தை இந்தியாவில் பெரிய அளவில் நிறைவேற்றியது தனியார் தொழில் அல்ல, அரசு. தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய எஸ்3வாஸ் என்னும் சேவையின் வழியே மாவட்ட நிர்வாகத் தளங்கள் ஒரே வார்ப்பில், ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் கட்டப்பட்டன. தமிழ்நாட்டு மாவட்டத் தளங்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதற்குக் காரணம் அதுவே. தோற்றத்தில் தனித்தன்மை குறைந்தது உண்மை. ஆனால் திருத்தம், பாதுகாப்பு, பார்வைக் குறையுடையோரும் பயன்படுத்தும் வசதி ஆகிய பொறுப்புகள் ஒரு நிலையான நிறுவனத்தின் மேல் எழுத்துப்பூர்வமாக வைக்கப்பட்டன. தனியார் துறையில் சிறு தளங்களுக்கு இல்லாமற் போனது இந்த ஒன்றுதான். கட்டுவதற்கு ஒரு தொகை பேசி முடித்து, அதன்பின் ஆண்டுதோறும் வேண்டிய பராமரிப்பைப் பேசாமல் விட்ட உடன்பாடுகளே கைவிடப்பட்ட தளங்களாக இன்று வலையெங்கும் கிடக்கின்றன. பள்ளிக்கோ சங்கத்துக்கோ கடைக்கோ தளம் கட்டச் சொல்பவர்கள், புதுப்பிப்பை யார் செய்வார், எவ்வளவு காலத்துக்கு, என்ன தொகைக்கு, விலகினால் தரவு யார் கையில் சேரும் என்ற நான்கையும் வேலை தொடங்கும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.